இரும்புக்குப் பதில் செம்பா? நண்டின் கதை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தின் வலது மூலையில் நண்டைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நம் இரத்தத்தில் இரும்பு இருக்கும் இடத்தில் நண்டுக்குச் செம்பு இருக்கிறதாம், அதனால் அதன் இரத்தம் நீலமாம். ஓடு நீலமாக இருப்பதும் அதனால்தானாம். பூச்சிகளுக்கு இந்த வசதி கிடையாதாம். கடைசியாக, குதிரைலாட நண்டின் நீல நிறப்பொருள் கிருமிகளைக் கண்டுபிடிக்குமாம். இவ்வளவுதான் செய்தி. இதில் முழுதாகத் தேறுவது ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே ஒரு அஞ்சலட்டை போட்டேன். அதில் எனக்கு இடம் போதவில்லை, பேப்பரில் உங்களுக்கு இடம் இல்லை போலிருக்கிறது. இந்த முறை முழுத்தாளில் எழுதுகிறேன். வெட்டுவது உங்கள் உரிமை. எதை வெட்டக்கூடாது என்று மட்டும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் நடத்தியவள். பெட்டிச் செய்திகளை வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் சிவப்புப் பேனாவோடு பேப்பர் படிக்க உட்கார்ந்தால் ஊர் தாங்காது. அன்று பேரன் அதை உரக்கப் படித்துவிட்டான். அதுவும் வீட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து.

தொண்டியிலிருந்து வரும் மீன்காரம்மா அன்று நீலக்கால் நண்டு கொண்டுவந்திருந்தார். "ஆச்சி, எல்லாம் உசுரு நண்டு, கட்டித்தான் கொண்டாந்திருக்கேன்" என்று கூடையைச் சாய்த்துக் காட்டினார். கட்டையும் மீறி ஒன்று கூடை விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாங்கட்டில் கிணற்றடிப் பக்கம் மருமகள் நண்டை உடைக்க உட்கார்ந்தாள். ஏழாவது படிக்கும் பேரன் பேப்பரும் கையுமாக வந்து நின்றான். உடைந்த காலையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பத்தா, பேப்பர்ல நீலம்னு போட்டிருக்கு. இது தண்ணியாட்டம்ல இருக்கு?"

பையன் கண்ணால் பார்த்ததை நம்பினான், அச்சில் இருந்ததை நம்பவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துவரச் சொன்னேன். மருமகளுக்கு முகம் சுருங்கியது, அவளுடைய அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த தட்டு அது. உயிரோடு இருந்த ஒரு நண்டின் கால் மூட்டிலிருந்து ஒழுகியதைத் தட்டில் பிடித்து, விளக்குமாற்றுக் குச்சியால் மெல்லக் கலக்கிக்கொண்டே இருந்தோம். முதலில் அரிசி களைந்த தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது. சில நிமிடம் போனதும் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டு அலசிய கடைசித் தண்ணீர் மாதிரி ஒரு மெல்லிய நீலம் படர்ந்தது. வீட்டில் இருந்த எல்லாரும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சமையல் அரை மணி நேரம் தள்ளிப்போனது. சாயங்காலம் அந்தத் தட்டில் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதற்கும் வேலை இருக்கிறது.

அந்த நிறப்பொருளுக்கு ஹீமோசயனின் என்று பெயர். 1878இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் பிரெடெரிக் பேய்க்கணவாயின் (ஆக்டோபஸ் என்றால்தான் பேரனுக்குப் புரிகிறது) இரத்தத்தை ஆராய்ந்தபோது வைத்த பெயர். சயனின் என்றதும் பேரன், "சயனைடா?" என்று தட்டை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். சயனைடும் இல்லை, கியனைடும் இல்லை. கிரேக்க மொழியில் நீலத்துக்கு உண்டான சொல் அது.

ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்க அந்தப் புரதத்தில் இரண்டு செம்பு அணுக்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒவ்வொரு செம்பையும் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலங்கள் மூன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக ஆறு ஹிஸ்டிடின், இரண்டு செம்பு, நடுவில் வந்து உட்காரும் ஆக்சிஜன் ஒன்று. அது வராதவரை செம்புக்கு நிறமே கிடையாது. வந்து உட்கார்ந்ததும் இரண்டு செம்பும் ஆளுக்கொரு எலக்ட்ரானை அதன் பக்கம் தள்ளிக்கொடுத்துவிட்டு, மயில்துத்தத்தில் செம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்குப் போகின்றன. அப்போதுதான் நீலம். நம் வீட்டுச் செம்புக் குடத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்காமல் இறங்காது. நண்டின் உடம்பில், ஆக்சிஜன் தேவைப்படும் தசைப் பக்கம் போனதும் அது தானாக இறங்கிக்கொள்கிறது, செம்பு பழையபடி நிறமற்றுப் போகிறது. உடைந்த கால் மூட்டில் பேரன் பார்த்தது அந்த நிறமற்ற இரத்தத்தைத்தான். 'நண்டின் இரத்தம் நீலம்' என்பது காற்றுப் பட்டால் சரி.

சரி, இனி உங்கள் முதல் வாக்கியம். நம் ஹீமோகுளோபினில் இரும்பு, ஹீம் என்கிற ஒரு வளையத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன். ஹீமோசயனினில் பெயரில்தான் ஹீமோ இருக்கிறது, ஹீம் வளையம் கிடையாது. செம்பைப் புரதமே நேரடியாகப் பிடித்திருக்கிறது. கந்தரப்பத்தில் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்ட மாதிரி ஒரு சின்ன மாற்றம் என்று உங்கள் பெட்டி எழுதியவர் நினைத்துவிட்டார். இது கந்தரப்பமே இல்லை, சீப்புச் சீடை. மாவு வேறு, பக்குவம் வேறு. இரண்டும் எண்ணெயில் வேகும் என்பது மட்டும்தான் ஒற்றுமை.

அதன் அமைப்பைப் பேரனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த வீடே கை கொடுத்தது. எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரே மாதிரிக் கட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வசதிக்குத் தகுந்தபடி கட்டின் எண்ணிக்கை கூடும், குறையும். கணுக்காலிகளின் (நண்டு, இறால், தேள், சிலந்தி, பூரான், பூச்சி எல்லாம் சேர்ந்த கூட்டம்) ஹீமோசயனினும் அப்படித்தான். அறை என்று நான் சொல்வது ஒரு புரதச் சங்கிலியை. எடை சுமார் 75,000 டால்டன் (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு அது), அதற்குள் மூன்று பகுதி, நடுப்பகுதியில்தான் அந்தச் செம்பு ஜோடி பத்திரமாக இருக்கிறது. ஆறு அறை சேர்ந்தால் ஒரு கட்டு. இந்த ஆறு என்கிற கணக்கு எந்தக் கணுக்காலியிலும் மாறாது.

கட்டு எத்தனை என்பதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிங்கி இறாலுக்கு ஒரே கட்டு. நண்டில் ஒற்றைக் கட்டும் உண்டு, இரட்டைக் கட்டும் உண்டு. தேளுக்கு நான்கு கட்டு, 24 அறை. பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தேளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பட்டியக்கல் இடுக்கில் கிடக்கும் அந்தக் கருந்தேளின் உடம்பில் இவ்வளவு பெரிய கட்டுமானம் ஓடுகிறது என்று நினைத்தால் செருப்பை ஓங்கிய கை ஒரு நொடி தாமதிக்கும். ஒரு நொடிதான். சுவரில் நீண்ட கால்களோடு விறுவிறுவென ஓடும் ஸ்கூட்டிஜெரா என்ற பூரான் வகைக்கு ஆறு கட்டு, 36 அறை. குதிரைலாட நண்டுக்கு எட்டுக் கட்டு, 48 அறை.

டரான்டுலா என்ற பெரிய சிலந்தியில் இதை மிக நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் 24 அறைகளும் ஒரே மாதிரி அல்ல, ஏழு வகை. எந்த வகை எந்த மூலையில் என்பது மாறாது. வளவில் எந்த அறை எந்தப் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையின் குடும்பமும் ஒரு புள்ளி) என்று பெரியவர்கள் வகுத்து வைத்தால் அப்புறம் அதில் பேச்சே கிடையாது, அந்த மாதிரி.

ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும்? நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் அடைந்து கிடக்கிறது. இவற்றுக்கு அந்த வசதி இல்லை, புரதம் நேரே இரத்தத்தில் கரைந்து ஓடுகிறது. 48 துண்டும் தனித்தனியாக மிதந்தால் இரத்தத்தின் சவ்வூடுபரவல் அழுத்தம் (துகள் கூடக் கூடத் தண்ணீரை இழுக்கும் அழுத்தம்) ஏறிவிடும். 48ஐயும் ஒன்றாகக் கட்டி ஒரே துகளாக்கிவிட்டால் ஆக்சிஜன் பிடிக்கும் இடம் அப்படியே இருக்கும், துகள்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்துவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் கூப்பிட்டால் முதலில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். "நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க" என்று நிற்பார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், மளமளவென்று வரிசை நிரம்பிவிடும். எழுந்திருப்பதும் அப்படியே. ஒருவர் எழுந்து கை கழுவப் போனால் பந்தியே எழுந்துவிடும். ஹீமோசயனினில் முதல் ஆக்சிஜன் ஏறத் தயங்குகிறது. அது ஏறியதும் அந்த அறையின் வடிவம் லேசாக அசைகிறது, அசைவு பக்கத்து அறைக்குப் பரவுகிறது, அடுத்தது சுலபமாக ஏறுகிறது. செவுளில் மளமளவென்று ஏறி, தசையில் மளமளவென்று இறங்க இதுதான் வழி. ஹீமோகுளோபினிலும் இந்தப் பந்தி உண்டு, ஆனால் அங்கே நான்கு இலைதான். நண்டு ஓடிக் களைத்து, உழைத்த தசை வெளியே விடும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் ஏறினால் ஹீமோசயனின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது என்பதும் தெரிந்த விஷயம். காற்று கம்மியான இடத்தில் கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். கூடை விளிம்பில் ஏறிய நண்டின் உடம்பிலும் அந்த நேரத்தில் அதுதான் நடந்திருக்கும்.

இதெல்லாம் யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த படம் இல்லை. 1984இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் சிங்கி இறாலின் ஹீமோசயனினைப் படிகமாக்கி எக்ஸ்ரே கொண்டு அதன் அமைப்பை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாக் கரையில் வாழும் இனம் அது. அதே பேரினத்தைச் சேர்ந்த சிங்கி இறால் நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இப்படி ஒன்று வெளியாகியிருக்கிறது என்று எனக்குத் தெரியவே பத்து வருடம் ஆனது.

இப்போது அந்தப் பீங்கான் தட்டுக்கு வருகிறேன். சாயங்காலம் பார்த்தபோது நீலத்தைக் காணோம். கட்டி தட்டிப்போய், ஓரமெல்லாம் புகை படிந்த மாதிரிக் கறுத்துக் கிடந்தது. மருமகள் சாம்பல் போட்டுத் தேய்க்க எடுத்தாள். நான் தடுத்தேன். அன்று நான் வாங்கிய கெட்ட பெயரில் இது இரண்டாவது.

அந்தக் கறுப்பு மீன் வாங்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐஸில் கிடந்த இறாலின் தலை கறுத்திருந்தால் வாங்காதே என்று எங்கள் ஆத்தா சொல்லித் தந்திருக்கிறார். ஃபீனால் ஆக்சிடேஸ் என்கிற நொதியின் வேலை அது. உயிரோடு இருக்கும்போது அது வைத்தியன். ஓடு கீறிக் காயம் பட்டால் அந்த இடத்தைக் கறுப்பாக்கி அடைக்கும், உள்ளே நுழைந்த கிருமியைச் சுற்றிக் கறுப்பு உறை போடும். உயிர் போன பிறகும் வேலையை நிறுத்தத் தெரியாமல் தலையைக் கறுக்க வைக்கிறது. அந்த நொதியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே அதே இரண்டு செம்பு, அதே ஆறு ஹிஸ்டிடின்.

ஹீமோசயனினின் மூதாதை இந்த வகை நொதிதான் என்பது இன்றைய முடிவு. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கணுக்காலிகள் கிளை பிரிந்துகொண்டிருந்த காலத்தில், ஆக்சிஜனைப் பிடித்து ஃபீனாலோடு சேர்த்துக் கறுப்பு மை செய்துகொண்டிருந்த ஒரு புரதத்தின் நகல் ஒன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. மாற்றம் மிகச் சின்னது. குதிரைலாட நண்டின் ஹீமோசயனினில், முதல் பகுதியிலிருந்து ஃபினைல்அலனின் என்கிற அமினோ அமிலம் ஒன்று நீண்டு வந்து செம்பு இருக்கும் அறையின் வாசலுக்குக் குறுக்கே நிற்கிறது. ஆக்சிஜன் சின்னது, நுழைந்துவிடும். ஃபீனால் பருத்தது, நுழைய முடியாது. ஃபீனால் வராவிட்டால் மை இல்லை. வந்த ஆக்சிஜனுக்குச் செலவு இல்லை, அப்படியே எடுத்துப் போய் வேறிடத்தில் இறக்கிவிடலாம். வேலை செய்கிற இடத்தின் கதவைச் சாத்தியதால் சுமந்து போகிற வண்டி கிடைத்திருக்கிறது.

சாத்திய கதவு திறக்குமா என்று பார்க்காமல் விடுவார்களா? 1998இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் டெக்கர் குழுவினர், டரான்டுலாவின் ஹீமோசயனினும் தக்கபடி தூண்டினால் பழைய நொதி வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். சோப்பு வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் சேர்த்தாலும் அந்தக் குறுக்குத் தடை நெகிழ்ந்து பழைய வேலை திரும்புகிறது. ஆகவே என் தட்டில் கறுத்ததில் நொதியின் பங்கு எவ்வளவு, ஹீமோசயனினின் பங்கு எவ்வளவு என்று பேரன் கேட்டபோது, "தேய்த்துவிட்டுப் போகட்டும், விடு" என்றேன்.

இந்தக் குடும்பத்தின் மற்ற பிள்ளைகள் போன வழியும் சுவாரசியமானது. கம்பளிப்புழு, பட்டுப்புழு எல்லாம் கூடு கட்டுவதற்கு முன் இரத்தத்தில் ஒரு புரதத்தைச் சேர்த்து வைக்கும். கூட்டுக்குள் வாய் கட்டிக் கிடக்கும் நாட்களில் அதைச் செலவழித்துத்தான் பட்டாம்பூச்சிக்கு உடம்பு கட்டுகிறது. ஹெக்சாமரின் என்று பெயர். அதுவும் ஆறு அறை கொண்ட கட்டுதான், ஹீமோசயனினின் பங்காளிதான். ஆனால் செம்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடின்கள் போய்விட்டன, செம்பும் போய்விட்டது, ஆக்சிஜனுக்கு அங்கே வேலையில்லை. வெறும் குதிர். நண்டிலும் இதேபோல் செம்பு இல்லாத பங்காளி ஒன்று உண்டு, கிரிப்டோசயனின். 1999இல் பெயர் சூட்டினார்கள். நண்டு ஓடு கழற்றும் சமயத்தில் புது ஓடு கட்ட அது உதவுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ வளவுகள் இன்று ஹோட்டலாகிவிட்டன. தூண் அப்படியே, ஆத்தங்குடிக் கல் அப்படியே, உள்ளே நடக்கிற காரியம்தான் வேறு. அதை நினைத்துக்கொண்டேன்.

பேய்க்கணவாய், கணவாய், நத்தை ஆகியவற்றின் கதை தனி. பிரெடெரிக் பெயர் வைத்தது பேய்க்கணவாயின் புரதத்துக்கு. நண்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்று, வம்சம் இரண்டு. மெல்லுடலிகளின் ஹீமோசயனினுக்கு ஆறு என்ற கணக்கே கிடையாது. பத்துச் சங்கிலி சேர்ந்த ஒரு உருளை அது. பேய்க்கணவாயில் ஒவ்வொரு சங்கிலியிலும் ஏழு செம்பு ஜோடிகள், ஆக ஓர் உருளைக்கு 70. அதன் மூதாதை டைரோசினேஸ் என்ற இன்னொரு நொதி. வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோமே, கறுக்கக்கூடாது என்று? அந்தக் கறுப்பைச் செய்யும் தாவர நொதியும் டைரோசினேஸின் நெருங்கிய சொந்தம்தான். ஆக, கறுக்க வைக்கும் செம்பு நொதியைச் சுமைதூக்கியாக மாற்றும் யுக்தி கடலில் இரண்டு முறை, ஒன்றை ஒன்று பார்க்காமல் நடந்திருக்கிறது. 'இரும்புக்குப் பதில் செம்பு' என்ற மூன்று சொல்லில் இவ்வளவும் அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது பூச்சி. இங்கே உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு, ஏனென்றால் 31 வருடமும் இதையேதான் நானும் நடத்தினேன். கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்டும்போது வெள்ளி இழை மாதிரி மின்னும் காற்றுக்குழல்களைக் காட்டி, "இவை நேராகத் திசுவுக்கே காற்றைக் கொண்டுபோய்விடும், அதனால் இரத்தத்தில் சுவாச நிறமி தேவையில்லை, கிடையாது" என்பேன். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நண்டுக்கும் கரப்பானுக்கும் ஒரே முன்னோர்னு போன வாரம் சொன்னீங்க. முன்னோர்கிட்ட இருந்தது கரப்பானுக்கு மட்டும் எங்க போச்சு?" என்றாள். "தேவையில்லாததால் போய்விட்டது" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது.

2004இல் தோர்ஸ்டன் பூர்மெஸ்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஓடைக் கற்களுக்கு அடியில் வளரும் கல் ஈ என்ற பூச்சியின் இரத்தத்தில், ஆக்சிஜனைச் சுமக்கும் அசல் ஹீமோசயனினைக் கண்டார்கள். பிறகு தேடத் தேட வெள்ளிப்பூச்சி, கரையான், கடைசியில் என் கரப்பானிலும் அது இருப்பது தெரிந்தது. ஒரு கரப்பான் இனத்தில் முட்டைக்குள் கரு வளரும் பருவத்தில்தான் அது முக்கியமாகத் தென்படுகிறது. அறுத்துப் பார்த்த வளர்ந்த கரப்பானில் நான் அதைக் கண்டிருக்க வழியில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஈ, வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி ஆகியவற்றின் கூட்டத்தில் அது இல்லை, முன்னோரிடம் இருந்ததை இழந்துவிட்டார்கள். ஆக மாணவி கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது பாதிப் பதில். அவள் இப்போது வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. உங்கள் பேப்பரைப் படிக்கிறவளாக இருந்தால் மீதிப் பதில் இதுதான்.

இனி சில்லறைத் திருத்தங்கள். கணுக்காலி என்றால் எல்லாம் நீலம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்மாய்ச் சேற்றைக் கிளறினால் சிவப்பாக நெளியும் சிறு புழுக்கள் வரும். கடிக்காத ஒரு கொசு வகையின் பிள்ளைகள் அவை. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். காற்றில்லாத சேற்றில் பிழைக்க அதற்கு அது தேவை. தண்ணீர்த் தெள்ளு எனப்படும் டாஃப்னியாவும் ஆக்சிஜன் குறைந்த நீரில் வளர்ந்தால் ஹீமோகுளோபின் கூடிச் சிவந்துவிடும்.

நண்டின் ஓட்டு நீலத்துக்கும் இரத்த நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டில் இருப்பது அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி. ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை நீலமாகத் தெரியும். குழம்பில் போட்டுக் கொதித்ததும் புரதம் குலைந்து பிடி விடுகிறது, சிவப்பு வெளியே வருகிறது. அங்கே செம்பும் இல்லை, ஆக்சிஜன் சுமப்பதும் இல்லை. ஓடு இரத்தத்தால்தான் நீலம் என்றால், கொதித்ததும் ஏன் சிவக்க வேண்டும் என்று எழுதியவர் ஒரு நிமிடம் தன் வீட்டு அடுப்பைப் பார்த்திருக்கலாம்.

குதிரைலாட நண்டின் இரத்தத்தைக் கொண்டு ஊசி மருந்துகளில் பாக்டீரிய நச்சு இருக்கிறதா என்று சோதிப்பது உண்மை. அமெரிக்காவில் 1977இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நச்சுப் பட்டதும் உறைவது, அந்த இரத்தத்தில் மிதக்கும் அணுக்களுக்குள் இருக்கும் வேறு புரதங்கள். நீல நிறப்பொருளுக்கு அதில் பங்கில்லை. சோதனைச் சரக்கு செய்பவர்கள் அணுக்களைத்தான் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால் சிறுவர் பக்கத்தில், அதே வலது மூலையில் போடுங்கள். நான்காம் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் போட்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். இடம் இல்லை என்றால் தேளை எடுத்துவிடுங்கள், சிங்கி இறாலையும் எடுத்துவிடுங்கள், பந்தியைக்கூட எடுத்துவிடலாம். இரண்டு செம்பு என்பதையும், அந்தப் புரதம் ஒரு காலத்தில் கறுப்பு மை செய்துகொண்டிருந்தது என்பதையும் மட்டும் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
தேவகோட்டை.

பின்குறிப்பு: இது பேரன் எழுதச் சொன்னது. அந்தப் பெட்டியில் வரைந்திருந்த நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்து எட்டுக் கால்தான் இருக்கிறது. பத்து இருக்க வேண்டும். கிணற்றடியில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான்.